நீர்க்கட்டியை வெட்டினால் கிட்னி தேறுமா?

வண்ணாரப்பேட்டையில் ஏதோ ஒரு ஸ்கேன் சென்டர். வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் பித்தப்பை சரி, கல்லீரல் சரி. கடைசி வரியில் மட்டும் ‘வலது கிட்னியில் 3 செ.மீ. சிம்பிள் சிஸ்ட்’ என்று இருக்கும். அன்றைக்கே வீட்டில் வாழைத்தண்டு ஜூஸ் ஆரம்பமாகிவிடும். இது கல் இல்லை, நீர்க்கட்டி. ஜூஸுக்கெல்லாம் அது கரையாது. பெரும்பாலும் கரைய வேண்டிய அவசியமும் இல்லை. 50 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்காவது இது இருக்கும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை யூராலஜி ஓ.பி.யில் காட்டினாலும் தனியாரிடம் காட்டினாலும் டாக்டர் முதலில் பார்ப்பது கட்டியின் சுவரைத்தான். ஸ்கேன் படங்களைப் படிக்கும் ரேடியாலஜி டாக்டர் மார்ட்டன் போஸ்னியாக் 1986இல் வகுத்த தரவரிசை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், தடுப்பு எதுவும் இல்லை என்றால் அது முதல் வகை; புற்றுநோய் பயம் வேண்டாம். வலியோ அடைப்போ இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

வலி விடாமல் இருந்தால்? ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம். ஆனால் ஊற்றை அடைக்காமல் கிணற்றை இறைத்த கதைதான். கட்டியின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள் மறுபடி நீரைச் சுரக்கும். அதனால்தான் நீரை எடுத்த பிறகு ஆல்கஹால் செலுத்தி, அந்தச் செல்களைச் சாகடித்து, திரும்ப உறிஞ்சி எடுக்கிறார்கள்.

பெரிய கட்டி, திரும்பத் திரும்ப வருகிறது என்றால் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் ஆபரேஷன். கேமராவில் கட்டி நீலம் பாய்ந்த குமிழாகத் தெரியும். குத்தினால் வைக்கோல் நிறத்தில் நீர் வரும். வெளியே துருத்தி நிற்கும் கூரையை மட்டும் வெட்டி பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அடிப்பகுதியைத் தோண்டுவதில்லை, அதற்குக் கீழேயே ரத்தக்குழாயும் சிறுநீர்ப் பாதையும் இருக்கலாம். அப்புறம் அங்கே சுரக்கிற நீர் தேங்க இடமில்லாமல் வெளியே வழிந்து, சுற்றியுள்ள திசுக்களால் உறிஞ்சப்பட்டுவிடும்.

சரி, கிட்னி தேறுமா? ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஆபரேஷன் புதிதாக ஒன்றைக்கூடச் சேர்க்காது. கட்டி சிறுநீர்ப் பாதையை அழுத்தி, நீர் பின்னோக்கித் தேங்கி, கிட்னி வீங்கியிருந்தால் கதை வேறு. அழுத்தம் போனதும் நசுங்கிக் கிடந்த வடிகட்டிகளில் ஒரு பகுதி மீளும். சீக்கிரம் செய்தால் பலன் அதிகம். ஆனால் அதை ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் எண்ணில் தேடாதீர்கள். மற்ற கிட்னி ஈடுகட்டுவதால் மொத்தத் திறனில் பாதி போகும்வரைகூட அந்த எண் நார்மலாகவே காட்டலாம். இரு கிட்னிகளின் பங்கையும் தனித்தனியாகச் சொல்வது டி.டி.பி.ஏ. போன்ற, கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்தான். அடைப்பே இல்லாதவருக்கு ‘கிட்னியைக் காப்பாற்ற’ என்று சொல்லி ஆபரேஷன் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு கிட்னியிலும் கட்டிகள் நிறைய இருந்து, அப்பாவோ அம்மாவோ டயாலிசிஸில் இருந்தவர் என்றால் அது பரம்பரையாக வரும் பாலிசிஸ்டிக் நோயாக இருக்கலாம். அதில் கூரையை வெட்டினால் வலி குறையலாம். கிட்னி பழுதாவது நிற்காது.