அட்வகேட், ஹியரிங் ஆபீசர்: சிறப்புக் கல்விப் பிணக்குகளில் வரும் இரு சொற்கள்

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிக் குழந்தை ஒன்றின் படிப்பு தொடர்பாகப் பெற்றோருக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் பிணக்கு மூண்டால், அட்வகேட் என்ற சொல்லும் ஹியரிங் ஆபீசர் என்ற சொல்லும் அடுத்தடுத்து வந்துவிடும். இவற்றைப் பழகிய சொற்களைக் கொண்டே தமிழாக்கினால், "பெற்றோர் தம் வழக்கறிஞருடன் விசாரணை அதிகாரி முன்பு ஆஜரானார்கள்" என்ற வாக்கியம் கிடைக்கும். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் மீது ஏதோ போலீஸ் வழக்கு நடப்பதாகவே நம் வாசகர் நினைப்பார். உண்மையில் உடன் சென்றவர் வழக்கறிஞர் அல்லர். எதிரே அமர்ந்திருந்தவர் குற்றம் துப்பறிபவரும் அல்லர்.

அட்வகேட் என்பதன் வேர் லத்தீன். 'பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர்' என்பதே அதன் மூலப்பொருள்; வழக்கில் சிக்கியவர் தனக்குத் துணையாக அழைத்துக்கொண்ட ஆள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்றவரை மட்டுமே இப்பெயரால் குறிக்கிறது. இலங்கையில் இதே ஐரோப்பியச் சொல் திரிந்து 'அப்புக்காத்து' ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் அது பெரும் மதிப்புக்குரிய பட்டம். பின்னர் 'சட்டத்தரணி' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகவே அட்வகேட் என்றவுடன் கறுப்பு அங்கி அணிந்த உருவம் தமிழர் மனத்தில் எழுவது இயல்பே.

அமெரிக்கச் சிறப்புக் கல்வித் துறையிலோ இச்சொல் பெரும்பாலும் சட்டம் படிக்காதவரைக் குறிக்கிறது. தன் பிள்ளைக்காகப் பள்ளியோடு பல ஆண்டுகள் வாதாடி விவரம் அறிந்த தாயாகவோ ஓய்வுபெற்ற சிறப்பாசிரியராகவோ அவர் இருக்கலாம். அந்தக் குழந்தைக்கென எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தை வரி வரியாகப் படித்து, பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறதா, அல்லது 'தேவைக்கேற்ப' என்று மழுப்பியிருக்கிறதா எனச் சுட்டிக்காட்டுவது அவர் வேலை. மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டமும், அதன் கீழ் அமைந்த விதிகளும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பிரச்சினைகளில் தனி அறிவோ பயிற்சியோ உள்ளவர் பெற்றோருடன் வந்து ஆலோசனை கூறலாம் என்கின்றன. அந்தப் பயிற்சி எத்தனை மணி நேரம், யாரிடம் பெற்றது, தேர்வு உண்டா என்பவற்றைக் கூட்டாட்சிச் சட்டம் வரையறுக்கவில்லை. உரிமம் பெற வேண்டும் என்றும் சொல்லவில்லை. பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்களும் துணையாளர்களும் இணைந்த கோப்பா என்ற அமைப்பு பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. ஆனால் அதில் சேருவது அவரவர் விருப்பம். இரண்டு நாள் வகுப்பு முடித்தவரும் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே பெயரில் உலவ முடியும் என்பது, கட்டணம் கொடுக்கும் பெற்றோர் முதலில் அறிய வேண்டிய செய்தி.

ஆலோசனை கூறலாம் என்றால் அவர் பெற்றோர் சார்பில் வாதாடலாமா? டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2008இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி விதிகள், வாதாடலாமா என்பதை அந்தந்த மாநிலச் சட்டத்துக்கே விட்டுவிட்டன. வழக்கில் வென்ற பெற்றோர் தம் வழக்கறிஞர் கட்டணத்தைப் பள்ளி நிர்வாகத்திடமிருந்து பெற வழி இருக்கிறது. ஆனால் வழக்கறிஞர் அல்லாத வல்லுநருக்குக் கொடுத்த கட்டணத்தை அவ்வாறு கேட்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006இல், ஆர்லிங்டன் பள்ளி வட்டார வழக்கில் முடிவு செய்தது. 'வழக்கறிஞர்' என்ற மொழிபெயர்ப்பை நம்பும் பெற்றோருக்கு இங்கே பணமும் நட்டமாகும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆதரவாளர்' கட்சிக்காரரை நினைவூட்டும். 'பரிந்துரையாளர்' சிபாரிசுக் கடிதம் தருபவராகிவிடுவார். 'சார்பாளர்' ஒலிக்க நன்றாயிருந்தாலும், சில மாநிலங்களில் சட்டம் மறுக்கும் அதிகாரத்தையே அவருக்கு வழங்கிவிடுகிறது. 'கல்வி உரிமைத் துணையாளர்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். பக்கத்தில் வந்து நிற்பவர் என்ற பழைய லத்தீன் பொருளும் அதில் கெடாமல் இருக்கிறது.

ஹியரிங் ஆபீசரின் கதை வேறு. பெற்றோர், பள்ளி என இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர் அவர். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து வாஷிங்டன் நகரில் தொடரப்பட்ட மில்ஸ் வழக்கில் 1972இல் வந்த ஆணை, பள்ளி நிர்வாகத்தின் ஊழியரல்லாத, அதனிடமிருந்து விலகி நிற்கும் ஒருவர் முன் இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்று விதித்தது. இன்றைய மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டத்தின் முந்தைய வடிவான 1975ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஏற்பாட்டை நாடு முழுமைக்கும் கொண்டுசென்றது. நெடுங்காலம் சட்டம் கேட்டதெல்லாம் அவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 2004ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அறிவையும் தகுதியாக்கியது: சிறப்புக் கல்விச் சட்டத்தையும், கூட்டாட்சி, மாநில விதிகளையும், அவற்றுக்கு நீதிமன்றங்கள் தந்த விளக்கங்களையும் அவர் அறிந்திருக்க வேண்டும், முறைப்படி அமர்வு நடத்தவும், தீர்ப்பு வழங்கவும், அதை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்பு எழுதுவதைத் தனியே குறிப்பிட்டது வீண் சொல் அல்ல. மேல்முறையீட்டில் நீதிமன்றம் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தத் தாள்களைத்தான்.

அவரும் சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. பயிற்சி மணிக்கணக்கும் அதில் இல்லை. நியூயார்க் மாநிலம் வழக்கறிஞர்களையே அமர்த்துகிறது, மாநிலக் கல்வித் துறையின் பயிற்சியை முடித்திருக்கவும் கோருகிறது. கலிபோர்னியாவில் நிர்வாக நீதிபதிகள் இப்பணியைச் செய்கின்றனர்.

'விசாரணை அதிகாரி' என்பது நம் செய்தித்தாள்களில் குற்றப் புலனாய்வு செய்பவருக்கே போய்விட்டது. ஹியரிங் என்பதற்கு நேரான 'கேட்பு' என்ற சொல் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' வழியாகத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. முடிவு சொல்பவருக்கு 'நடுவர்' உண்டு; காவிரி நடுவர் மன்றம் அச்சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்துவிட்டது. இரண்டையும் இணைத்தால் 'கேட்பு நடுவர்'. சமரசத் தீர்ப்பாளரையும் நடுவர் என்கிறோமே என்ற ஆட்சேபம் நியாயமானது. முன்னால் நிற்கும் 'கேட்பு' அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. 'அலுவலர்' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பள்ளி நிர்வாகத்தின் ஊழியராக இருக்கக் கூடாது என்பதே அவருக்கான முதல் நிபந்தனையாக இருக்கையில், அச்சொல் அவரைத் துறைக்குள் உட்கார வைத்துவிடும்.

இத்தனை சொல்லாராய்ச்சி தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. உரிமைகளையும் நடைமுறைகளையும் விளக்கும் அறிவிப்பை, இயலாத நிலை வெளிப்படையாக இருந்தாலன்றி, பெற்றோரின் தாய்மொழியிலேயே தர வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டத்தின் விதி. அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதுபவர் இந்த இரு சொற்களையும் தாண்டிப் போக முடியாது. கேட்பு நடுவர்களாகப் பணிபுரிவோரின் பட்டியலை ஒவ்வொருவரின் தகுதிக் குறிப்புடன் நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. கல்வி உரிமைத் துணையாளர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வைக்க வேண்டிய கட்டாயம் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லாததால், எங்கே பயின்றார், எத்தனை கேட்பு அமர்வுகளைக் கண்டிருக்கிறார் என்பதைப் பெற்றோரே அவரிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.