அப்துல்லாபுரத்திலிருந்து காமலாபுரத்துக்கு: 28 நிமிடம் எப்படி 45 ஆகிறது?

வேலூரிலிருந்து பெங்களூரு ரோட்டில் போகிறவர்களுக்கு அப்துல்லாபுரம் விமானதளம் பழக்கம். பழைய ஓடுபாதை 850 மீட்டர்தான். 19 பேர் அமரும் சிறிய விமானங்களை மனத்தில் வைத்து உடான் திட்டத்தில் (சிறிய ஊர்களையும் விமானத்தால் இணைக்கும் மத்திய அரசுத் திட்டம்) சேர்க்கப்பட்ட தளம் அது. அங்கிருந்து சேலத்துக்கு அப்படியொரு விமானம் கிளம்பினால் எத்தனை நிமிடம் ஆகும்?

முதலில் தூரம். சேலம் விமான நிலையம் இருப்பது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். அப்துல்லாபுரத்தின் அட்சரேகை 12.91, காமலாபுரத்தினுடையது 11.78. தீர்க்கரேகைகள் 79.07, 78.07. அட்சரேகையில் ஒரு டிகிரி கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் நம் பக்கம் 109. ஆக, தெற்கே சுமார் 125, மேற்கே 109. பள்ளியில் படித்த பிதாகரஸைப் போட்டால் ஏறக்குறைய 165 கிலோமீட்டர் வரும். சென்னை–லண்டன் என்றால் பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டும். இந்தத் தூரத்துக்குத் தாளில் போடும் முக்கோணமே போதும். கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சாலையில் போனால் 200ஐத் தாண்டும்.

மணிக்கு 350 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 28 நிமிடம். இணையத்தில் தூரம் சொல்லும் பக்கங்கள் பலவும் இப்படித்தான் வகுத்துச் சொல்கின்றன. பிசகு இங்கேதான் தொடங்குகிறது.

அந்த விமானம் 3,000 மீட்டர் உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 300 மீட்டர் ஏறினால் மேலே போகவே பத்து நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு, 240 என்று வைப்போம். அதற்குள் 40 கிலோமீட்டர் போயிருக்கும், ஜவ்வாது மலை கீழே வந்திருக்கும். இறங்குவது இன்னும் நீளம். வழக்கமான சரிவு மூன்று டிகிரி. ஒரு கிலோமீட்டர் கீழே வர 19 கிலோமீட்டர் முன்னே போக வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு 57. எனவே ஊத்தங்கரையைத் தாண்டிய சற்று நேரத்திலேயே விமானி இறக்கத் தொடங்கிவிடுவார். முழு வேகத்தில் பறப்பது நடுவில் 68 கிலோமீட்டர் மட்டும், பன்னிரண்டு நிமிடம்கூட இல்லை. இறங்க இன்னொரு பன்னிரண்டு. மொத்தம் 34. தரையில் ஊர்ந்து போவதையும், ஓடுபாதையில் திரும்பி நிற்பதையும் சேர்த்தால் 45ஐத் தொடும்.

காற்றையும் பார்க்க வேண்டும், எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். ஆடியில் தென்மேற்கிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டரில் எதிர்க்காற்று வீசினால், 28 நிமிடம் 32 ஆகும். மார்கழி வாடை பின்னாலிருந்து தள்ளினால் 25. ஆனால் விமானம் வழக்கமாகக் காற்றை எதிர்த்தே இறங்கும். ஓடுபாதையின் எண் அதன் திசையை, வடக்கிலிருந்து வலமாக எண்ணி, பத்துப் பத்து டிகிரியாகச் சொல்கிறது: காமலாபுரத்தில் 04, 22, அதாவது 40 டிகிரி, 220 டிகிரி. வேலூரிலிருந்து போகும் திசையும் ஏறக்குறைய 221 டிகிரி! ஆடியில் வந்த திசையிலேயே ஓடுபாதை நேராக நிற்கும் (பக்கத்தில் 1,600 மீட்டரைத் தாண்டிய சேர்வராயன் மலை இருப்பதால் அதை விலக்கி வர வேண்டியிருக்கும்). மார்கழியிலோ நிலையத்தைக் கடந்துபோய், சுற்றித் திரும்பி, வடகிழக்கு நோக்கி இறங்க வேண்டும். வாடை மிச்சப்படுத்திக் கொடுத்த மூன்று நிமிடமும் அந்த ஒரு சுற்றிலேயே போய்விடும்.