பாத்த உடன "பாவம்" எண்டு சொல்லாதேங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உளவளத்துணை வேலையா வீடு வீடாப் போறனான். போன மாசம் வெளிநாட்டில இருந்து வந்த ஒரு குடும்பத்தோட, 2009 சண்டையில செல் பட்டு இடுப்புக்குக் கீழ வழங்காமல் வீல்செயாரில இருக்கிற ஒரு அண்ணையிட்ட போனம். வந்த அக்கா அவரைக் கண்டதும் அழுதிட்டா, "இப்பிடிக் கிடக்கிறதுக்கு அண்டைக்கே போயிருக்கலாம்" எண்டு முற்றத்தில வச்சே சொல்லிட்டா, தேத்தண்ணி கொண்டுவந்த மகள் அப்பிடியே நிண்டிட்டாள்.

அவையள் போன பிறகு, "அண்ணை, இப்ப உங்களுக்கு எது பெரிய கரைச்சல்?" எண்டு கேட்டன். காலைப் பற்றி ஒரு சொல்லும் வரேல்ல. படுக்கைப்புண் திரும்ப வந்திட்டுது, கோழி வளக்க எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை ஆள் வந்து படலையடியில நிக்குது, இது ரெண்டும்தான். அந்தப் புண்ணை வந்தவை ஒருத்தரும் காணேல்ல. உணர்வில்லாத இடம், நோகாது, ஆழமாப் போய்க் கிருமி ரத்தத்தில ஏறினால் உயிருக்கே ஆபத்து.

1999ல அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வில, நல்லா உடல் ஏலாமல் போன ஆக்களில பாதிக்கு மேல தங்கட வாழ்க்கை நல்லா இருக்கெண்டுதான் சொல்லியிருக்கினம், வெளியில நிக்கிற எங்களுக்குத்தான் அது நம்பேலாமல் இருக்கு.

அதுக்காக "அவை பழகிட்டினம்" எண்டு விட்டிட்டு வாறதும் பெரிய பிழை. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 2002ல எழுதினவர், இந்தியாவில கூடின ஆயுள் உள்ள கேரளாவில சனம் தங்களுக்கு நிறைய நோய் வருத்தம் எண்டு சொல்லுதாம், ஆயுள் குறைஞ்ச பீகாரில குறைவாச் சொல்லுதாம். எங்கட சனமும் கேட்டால் "பறவாயில்லை, இருக்கிறம்" எண்டுதான் சொல்லும். அதால வாய்ச்சொல்லோட நிக்காமல் சாப்பாடு, நித்திரை, பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதோ எண்டெல்லாம் பாக்கவேணும், தலையிடி, நெஞ்சடைப்பு எண்டு சொன்னால் அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு பொறுமையாக் கேக்கவேணும்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாக்கள் 2017 பெப்ரவரி 20ல பிள்ளையளைக் கேட்டு கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில கொட்டில் போட்டுப் போராட்டத்தில இருக்கத் தொடங்கினவை. "எத்தினை வருஷம், அந்திரட்டியை (செத்தவைக்குச் செய்யிற கிரியை) செய்திட்டு நிம்மதியா இருங்கோவன்" எண்டு அவையளுக்குச் சொல்லுற ஆக்கள் இருக்கினம். நானும் வேலைக்கு வந்த புதுசில ஒரு அம்மாவிட்ட கிட்டத்தட்ட அப்பிடித்தான் சொன்னனான். "நான் அந்திரட்டி செய்தால் நானெல்லோ அவனைக் கொண்டதாப் போகும் பிள்ளை" எண்டா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அண்டையில இருந்து அவவிட்ட நான் கேக்கிறது, ராவில நித்திரை வருதோ, பிறஷர் குளிசை முடிஞ்சுதோ, கொட்டிலுக்கு ஆரோட போறீங்கள் எண்டு மட்டும்தான்.