மருந்துக்கு அடங்காத காசநோய் எங்கிருந்து வருகிறது?

காசநோய்க் கிருமி மருந்தைச் சந்தித்த பிறகுதான் அதை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் மாத்திரை வயிற்றுக்குள் போவதற்கு முன்பே, எதிர்ப்பாற்றல் கொண்ட சில கிருமிகள் நுரையீரலில் இருக்கக்கூடும். ஏறத்தாழ 20 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் இக்கிருமி, ஒவ்வொரு முறையும் தன் மரபணுவைப் படியெடுக்கிறது. அதில் எப்போதாவது ஓர் எழுத்து பிசகுகிறது.

பெரும்பாலான பிசகுகளால் எதுவும் நேர்வதில்லை. சில மட்டும் மருந்தைச் செல்லாக்காசாக்கிவிடுகின்றன. முதன்மையான காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட் உடலுக்குள் போகும்போது வீரியமற்ற பொருள்தான். கிருமியின் சொந்த நொதி ஒன்றே அதை நஞ்சாக மாற்றுகிறது. அந்த நொதி பழுதான கிருமி, தன்னைக் கொல்லவந்த ஆயுதத்தைத் தீட்டிக் கொடுக்காமலே தப்பிவிடுகிறது. இன்னொரு முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின் வந்து ஒட்டும் கிருமியின் புரதத்திலோ, ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் பிடிப்பு நழுவிவிடக்கூடும்.

தோராயமாக 10 லட்சம் கிருமிகளில் ஒன்று ஐசோனியசிட்டையும், 10 கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினையும் இயல்பாகவே எதிர்க்கின்றன. நுரையீரலில் குழி விழுந்த இடத்தில் 10 கோடி கிருமிகள் இருப்பது அரிதல்ல என்பதால், ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்கு அடங்காதவை மட்டும் பிழைத்துப் பெருகும். 1948இல் வெளியான புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஆய்வில் இதுவே நடந்தது: ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஒரே காசநோய் மருந்தைப் பெற்றவர்கள் முதல் சில மாதங்களில் நன்கு தேறினார்கள், பிறகு பலரிடம் எதிர்ப்புக் கிருமிகள் தலைதூக்கின. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்து பிறந்தது. இரண்டு மருந்துகளை ஒருசேர எதிர்க்கும் கிருமி தானாகத் தோன்றுவதற்கான வாய்ப்பு அவ்வளவு குறைவு.

அப்படியிருந்தும், 2023இல் உலகம் முழுவதும் சுமார் 4 லட்சம் பேருக்கு ரிஃபாம்பிசினுக்கோ, அதனுடன் ஐசோனியசிட்டுக்குமோ அடங்காத காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தார்கள். உலக அளவில், முதன்முறை நோயுற்றவர்களில் இதன் பங்கு 3.2 விழுக்காடு, முன்பே சிகிச்சை பெற்றவர்களிடம் 16 விழுக்காடு. எனவே முந்தைய சிகிச்சை, குறிப்பாக இடையில் நின்றுபோன சிகிச்சை, முதன்மையான ஆபத்துக் காரணியாகச் சொல்லப்படுகிறது. அது சரிதான். ஆனால் அதை வைத்து நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று முடிவுகட்டுவது தவறு.

கணக்குக்காக 1,000 நோயாளிகளில் 930 பேர் புதியவர்கள், 70 பேர் பழைய சிகிச்சை பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன விகிதங்களின்படி புதியவர்களில் ஏறக்குறைய 30 பேருக்கும் பழையவர்களில் 11 பேருக்கும் எதிர்ப்பு நோய் இருக்கும். ஆபத்து பழையவர்களுக்கு அதிகம். எண்ணிக்கையோ புதியவர்களிடம் அதிகம். காசநோய் மருந்தையே அறியாத அந்த 30 பேருக்கு எதிர்ப்பாற்றல் காற்றின் வழியாக, வேறொருவரின் இருமலிலிருந்து வந்திருக்கிறது.

ஆகவே ஒரே அறையில் நோயாளியுடன் வாழ்வது, நெரிசலான சிறை, காற்றோட்டமில்லாத மருத்துவமனை வார்டு ஆகியவையும் ஆபத்துக் காரணிகளே. 2005-06இல் தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரியில் மிகத் தீவிர எதிர்ப்புக் காசநோய் (முதன்மை மருந்துகளுக்கும் மாற்று மருந்துகள் சிலவற்றுக்கும் அடங்காதது) கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தனர். எச்ஐவி பரிசோதனை செய்யப்பட்டவர்கள் அனைவருக்கும் அத்தொற்று இருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முன்பு காசநோய்ச் சிகிச்சையே பெறாதவர்கள்.

கிருமி மருந்துக்கு அடங்குமா என்று அறிய, சளியை வளர்ப்பு ஊடகத்தில் வைத்துப் பார்க்கும் பழைய முறையில் விடை கிடைக்க வாரக்கணக்காகும். அதுவரை நோயாளி பலனற்ற மருந்தைச் சாப்பிட்டபடி மற்றவர்களுக்கும் நோயைப் பரப்பக்கூடும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பின் மரபணுத் தடயத்தைத் தேடும் கருவி சுமார் 2 மணி நேரத்தில் அதைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் 2023இல் மதிப்பிடப்பட்ட அந்த 4 லட்சம் பேரில் உரிய சிகிச்சை தொடங்கப்பெற்றவர்கள் 44 விழுக்காட்டினர் மட்டுமே.