தொட்டியில் புழுவா? மருந்தை வைத்துவிட்டு டார்ச்சை எடுங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால் பெரும்பாலும் அது ஒரே விஷயம்தான். கை ஆடும், வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும், பின்னால் யாரோ "ஐயோ, அங்க பாரு, அங்க பாரு" என்பார்கள். மீன் தொட்டியில் ஏதோ நெளிகிறது. வீடு வீடாகப் போய்த் தொட்டி பராமரிப்பதுதான் என் தொழில் என்பதால் இந்த வீடியோக்களுக்குப் பழகிவிட்டேன். எனக்குப் பயம் புழுவைப் பார்த்து இல்லை, வீடியோ அனுப்பியவர் அடுத்து எதை ஊற்றப்போகிறாரோ என்றுதான்.

போன தீபாவளிக்கு அப்புறம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியிருந்தார்கள். மீனுக்குத் தீனி போடும் பொறுப்பு எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு. பாசக்காரர், மீன் வாயைத் திறந்தபோதெல்லாம் போட்டிருக்கிறார். (மீன் எப்போதுதான் வாயை மூடியது?) வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளை நூல் நூலாகப் புழு. பதறிப்போன வீட்டுக்கார அண்ணன் ஒட்டுண்ணி மருந்து ஒரு பாட்டில் வாங்கி, மூடிக் கணக்குப் பார்க்காமல் ஊற்றிவிட்டார். மறுநாள் காலை நான் போனபோது நாற்பது செர்ரி இறாலும் வேகவைத்த மாதிரி வெளிறிய சிவப்பில் சாய்ந்து கிடந்தன. கப்பி மீன்கள் மட்டும் தப்பியிருந்தன. சரளைக்கல்லைக் கிளறினேன். புழு சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தது.

மருந்தில் இருந்தது செம்பு. மீன் ஓரளவு தாங்கும். இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. அந்தப் புழுவோ மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று கல்லுக்கடியில் கிடக்கும் சாதாரணக் கழிவுப்புழு. யாரையும் கடிக்காது. தீனி மிஞ்சினால் பெருகும், கல்லுக்கடியில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே ஏறி வரும். தீனியைப் பாதியாக்கி, சிஃபன் குழாயால் கல்லை உறிஞ்சி, கால்வாசித் தண்ணீரை மாற்றியிருந்தால் சில வாரத்தில் தானாக அடங்கியிருக்கும்.

அதனால் முதலில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். ஒன்றிரண்டை டிராப்பரில் உறிஞ்சி வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, கைபேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். நிறத்தைவிட நடை முக்கியம். விட்டுவிட்டுத் துள்ளும் வெள்ளைப் புள்ளி சைக்ளோப்ஸ். உற்றுப் பார்த்தால் வாலருகே இரண்டு முட்டைப் பைகள் தெரியும். கடுகு போல உருண்டையாக உருண்டோடுவது ஆஸ்ட்ரகாட். இரண்டும் மீனுக்குப் பலகாரம், விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, தலையில் மெல்லிய விழுதுகளை விரித்திருந்தால் ஹைட்ரா. பெரிய மீனை ஒன்றும் செய்யாது, குஞ்சுகளைப் பிடிக்கும்.

நெளியாமல், எண்ணெய் வழுக்குவது போலக் கண்ணாடியில் சறுக்கிப் போகிறதா? தட்டை உடல், அம்பு முனை போன்ற தலை, அதில் மாறுகண் போல இரண்டு புள்ளி? அது பிளனேரியா. இறால் வளர்ப்பவர்கள் கவலைப்பட வேண்டிய ஆள் இதுதான். தோல் உரித்து மெத்தென்று இருக்கும் இறாலையும் இறால் குஞ்சையும் பிடித்துத் தின்னும். தொழிலுக்குப் புதிதில் நான் இதைக் கண்ணாடியிலேயே விரலால் நசுக்கித் தேய்த்தேன். துண்டான பிளனேரியாவில் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இப்போது சின்ன பாட்டிலில் துளை போட்டு, பச்சை இறால் துண்டு ஒன்றை உள்ளே வைத்து, விளக்கணைத்த பிறகு இறக்கிவிடுகிறேன். இரண்டு மணி நேரத்தில் வெளியே எடுத்தால் உள்ளே கூட்டமாக மொய்த்திருக்கும்.

பொறியில் அடங்காவிட்டால்தான் மருந்து. கடையில் விற்கும் பிளனேரியாப் பொடி ஒன்றின் மூலப்பொருள் என்ன தெரியுமா? பாக்கு! அதிலுள்ள அரிக்கோலினை ஒரு காலத்தில் நாய்க்குப் பூச்சி மருந்தாகவே கொடுத்தார்கள். அதற்காக லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வெற்றிலைக் கடைப் பாக்கை வாங்கி இடித்துப் போடாதீர்கள், அளவு பிடிபடாது. பாக்குப் பொடியோ, ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தோ, எதுவானாலும், நெரைட் நத்தை இருந்தால் முதலில் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். செத்த புழுக்கள் அழுகி அம்மோனியா ஏறும் என்பதால் மறுநாளே தண்ணீர் மாற்ற வேண்டும்.

உண்மையில் அவசரப்பட வேண்டியது, மீன்மேலேயே ஒட்டியிருப்பதைப் பார்த்தால்தான். காசு போல வட்டமாக, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தால் மீன் பேன். செதிலுக்கடியிலிருந்து குச்சி நீட்டியது போல இருந்தால் நங்கூரப் புழு. கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் தொங்கினால் கமலானஸ் என்ற குடல்புழு. அந்த மீனை உடனே தனியாக்குங்கள், ஒரு நல்ல படம் எடுத்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இவை பெரும்பாலும் புதுச் செடியோடும் புது மீனோடும்தான் வருகின்றன. இரண்டு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் விடுவது நல்லது. வெறுத்துப்போய் நத்தையையும் மீனையும் நீர்த்தேக்கத்தில் கொட்டினால் சட்டப்படி குற்றம்.

ஈசூன் அண்ணன் போன வாரம் மறுபடி வீடியோ அனுப்பினார். "தம்பி, இதுவும் கழிவுப்புழுவா?" தொட்டி இல்லை, வாளி. குளோரின் போகட்டும் என்று குழாய்த் தண்ணீரை ஒரு வாரமாகத் திறந்து வைத்திருக்கிறார். பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். வைத்திருந்தால் சுலபத்தில் போகாது, குளோரின் நீக்கி சில சொட்டுதான் வேலைக்கு ஆகும். அந்த ஒரு வாரத்தில் வந்தது கொசுப்புழு. தலைகீழாகத் தொங்கி, தட்டினால் சுருண்டு சுருண்டு கீழே இறங்கியது. இந்த டெங்கி ஊரில் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கண்ணில் பட்டிருந்தால் அபராதம்தான்.

"இதுக்குக் காத்திருக்க வேண்டாம்ணே, இப்பவே கவுத்துங்க. வாளி உள்பக்கத்தை நல்லாத் தேய்ச்சுடுங்க, முட்டை ஒட்டியிருக்கும்."

"கப்பிக்குப் போடலாமா?"

போடலாம் என்றேன். வலையில் வடித்துப் போட்டாராம். ஒரு நிமிடத்தில் ஒன்றும் மிச்சமில்லை.