சிமென்ட் வைத்தது ஒரே ஓர் எலும்புக்குத்தான்

சென்ற வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவரின் மஞ்சள் பையில், எட்டு மாதங்களுக்கு முன் எலும்பை வலுப்படுத்த நான் எழுதிக்கொடுத்த ஊசிச் சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் வந்தபோது வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதில் நொறுங்கிய அவருடைய இடுப்பு முள்ளெலும்புக்கு அப்போது சிமென்ட் (எலும்புக்குள் இறுகித் தாங்கும் பசை) செலுத்தியிருந்தோம். இப்போது குடம் தூக்கக் குனிந்ததற்கே அதற்கு மேலுள்ள எலும்பு அமுங்கியிருக்கிறது. "அதான் ஆபரேஷன் செஞ்சாச்சே, ஊசி எதுக்குன்னு விட்டுட்டோம்ங்கய்யா" என்றார் மகள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

எலும்பு அடர்த்தி குறைந்து உளுத்துப்போகும் எலும்புப்புரை நோயை அறுவை சிகிச்சை குணப்படுத்துவதில்லை. சிமென்ட் தாங்குவது அது நிரம்பிய ஓர் எலும்பை மட்டுமே. மற்றவை முன்போலவே புரையோடித்தான் இருக்கின்றன. முள்ளெலும்பு ஒன்று முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்றும் முறிகிறது. 'கம்பி வைத்துவிட்டால் முதுகு இரும்பாகிவிடும்' என்று நம்புவோர், உளுத்த நிலைக்கதவில் முடுக்கிய திருகாணி எத்தனை நாள் நிற்கும் என்று தங்கள் ஊர் ஆசாரியிடம் கேட்டுப் பார்க்கலாம். அது கழன்றுவிடும் என்பதால்தான் கூடுதல் எலும்புகளில் திருகாணிகளைப் பொருத்தி, அவற்றைச் சுற்றியும் சிமென்ட் செலுத்த வேண்டியிருக்கிறது.

இம்முறிவுகளில் பெரும்பாலானவை வலி மாத்திரையாலும் இடுப்புப் பட்டையாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் ஆறிவிடும். 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் சிமென்ட் சிகிச்சை, சிமென்ட் செலுத்தாமல் செலுத்தியது போலவே செய்யும் பாவனைச் சிகிச்சையை விட மேலானதாகத் தெரியாததால், கேட்டவர்களுக்கெல்லாம் அதைச் செய்வதில்லை. ஆனால் கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ அன்றே வந்துவிட வேண்டும்.

அறுபதைத் தாண்டியவருக்குத் திடீரென முதுகு வலித்தால், விழவில்லையே என்று சுளுக்காக எண்ணி, கால் முந்திப் பிறந்தவரைக் கூப்பிட்டு முதுகை மிதிக்க விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுங்கள். மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவற்றில் பல, எலும்பை அரிக்கும் ஸ்டீராய்டு. எலும்புப்புரைக்கு டெனோசுமாப் ஊசி போடுவோர் ஆறு மாதத் தவணையைத் தவறவிட வேண்டாம். மாற்று மருந்தின்றி நிறுத்தினால் அடுத்தடுத்துப் பல எலும்புகள் நொறுங்கக்கூடும். ஆண்டுக்கொரு முறை போடும் ஜோலெட்ரானிக் ஊசி, மூன்று ஆண்டுகளில் புதிய முள்ளெலும்பு முறிவுகளை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது. அறுவை சிகிச்சைக்கு நகையை அடகு வைக்கும் பிள்ளைகளே, தயவுசெய்து இந்த ஊசியையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

அந்த மூதாட்டிக்கு இம்முறை சிமென்ட் வைக்கவில்லை. ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சரியாக இருப்பதைப் பார்த்து, சீட்டெழுதிக் கொடுக்காமல், ஊசியைப் போட்டே வீட்டுக்கு அனுப்பினேன்.