தூங்கும் விக்ரமில் தூங்காத எட்டுக் கண்ணாடிகள்

பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "சந்திரயான்-3 லேண்டர் 14 நாள்தான் வேலை செய்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இப்போது அது நிலவில் கிடக்கும் பழைய இரும்புதானே சார்?"

நல்ல கேள்வி. 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் தரையிறங்கியது. நிலவின் ஒரு பகல் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள். அது முடிவதற்குள் செய்ய வேண்டிய சோதனைகளை முடித்து, செப்டம்பர் முதல் வாரத்தில் விக்ரமையும் பிரக்யான் ரோவரையும் உறங்க வைத்தார்கள். அடுத்து வந்த இரவில் குளிர் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே போனது. மறுபடி விடிந்தபோது கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத பகுதி அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று நடந்தது. நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் 2009 முதல் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விக்ரம் நிற்பது நிலவின் தென்துருவப் பகுதியில், மான்சினஸ் என்ற பள்ளத்துக்கு அருகே. அன்று எல்ஆர்ஓ அதிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் போய்க்கொண்டிருந்தது. விக்ரம் இருந்த இடத்தில் அப்போது இரவு. எல்ஆர்ஓ கீழே லேசர் துடிப்புகளை அனுப்பியது. விக்ரமிலிருந்து வெளிச்சம் திரும்பி வந்தது!

பேட்டரி செத்துப்போன, மூன்று மாதமாக அசைவற்றுக் கிடக்கும் ஒரு லேண்டர் எப்படிப் பதில் சொல்லும்? அதன் மேல்தளத்தில் நாசா கொடுத்து இஸ்ரோ பொருத்திய ஒரு சின்னக் கருவி இருக்கிறது. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள அரைக்கோளம், அதில் பதித்த எட்டுக் கண்ணாடிகள், மொத்த எடை சுமார் 20 கிராம். இதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். இதில் ஓடுகிற பாகம் என்று எதுவுமே இல்லை. லேசர் ரெட்ரோரிஃப்ளெக்டர் என்பது இதன் பெயர். நான் மூலைக் கண்ணாடி என்றே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதன் ரகசியம் முழுவதும் அந்த மூலையில்தான் இருக்கிறது.

முதலில், சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிலவில் வைத்தால் போதாதா என்று பார்ப்போம். பூமியிலிருந்து லேசர் அடிக்கிறோம். கண்ணாடி ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். எதிரொளித்த கதிர் இரண்டு டிகிரி விலகும். நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இரண்டு டிகிரி என்பது 13,000 கிலோமீட்டருக்கும் மேல். பூமியின் குறுக்களவே 12,742 கிலோமீட்டர்தான். அதாவது மையத்தைக் குறி வைத்த கதிர் பூமியைத் தொடாமலே போய்விடும். அதோடு, நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிற நிலவு அந்த முகத்தையும் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு துல்லியமாகக் கண்ணாடியைத் திருப்பி வைத்தாலும் நாளைக்கு அது வேறு பக்கம் பார்க்கும்.

இப்போது அறையின் மூலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவரும் தரையும் சந்திக்கிற இடம். மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்து. இந்த மூன்று பரப்பிலும் கண்ணாடி ஒட்டியிருக்கிறோம். ஒரு ஒளிக்கதிர் மூலையை நோக்கி வருகிறது. அதன் திசையை மூன்று எண்களாகப் பிரித்துச் சொல்லலாம்: கிழக்கே 3, வடக்கே 2, கீழே 5.

கிழக்குச் சுவரில் பட்டதும் என்ன ஆகும்? கிழக்கே 3 என்பது மேற்கே 3 ஆகிவிடும். மற்ற இரண்டு எண்களை அந்தச் சுவர் தொடாது. அடுத்து வடக்குச் சுவர்: வடக்கே 2 என்பது தெற்கே 2. கடைசியில் தரை: கீழே 5 என்பது மேலே 5. கணக்கைக் கூட்டிப் பாருங்கள். வந்தபோது கிழக்கே 3, வடக்கே 2, கீழே 5. போகும்போது மேற்கே 3, தெற்கே 2, மேலே 5. வந்த திசைக்கு நேர் எதிர்!

எந்தச் சுவரில் முதலில் பட்டது என்பது முக்கியமில்லை. 3, 2, 5 என்ற எண்களும் முக்கியமில்லை, எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். மூலை முழுவதையும் கொஞ்சம் சாய்த்து வைத்தாலும் கவலையில்லை, மூன்று பரப்பும் தங்களுக்குள் செங்குத்தாக இருந்தால் போதும். எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ என்று ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலையை ஒரு வடிவம் தன்னாலேயே செய்கிறது. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று கழித்தல் குறிகள், அவ்வளவுதான். வேறெதுவும் தேவைப்படவில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று சிறிய கண்ணாடிகளை எடுங்கள். இரண்டை ஒரு புத்தகத்தின் அட்டைகளைப் போலச் செங்கோணத்தில் விரித்து நிறுத்துங்கள். மூன்றாவதை அவற்றுக்கு அடியில் படுக்க வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூன்றும் சந்திக்கும் புள்ளியைப் பாருங்கள். உங்கள் முகம் தலைகீழாகத் தெரியும். திறந்திருக்கும் கண்ணின் கருமணி சரியாக அந்தப் புள்ளியின் மேல் உட்கார்ந்திருக்கும். தலையை இடம், வலம், மேலே, கீழே என்று எங்கே நகர்த்தினாலும் கருமணி அந்தப் புள்ளியை விட்டு நகராது. உங்கள் கண்ணிலிருந்து புறப்பட்ட ஒளி உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது.

சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் வில்லையும் இதே சங்கதிதான். வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் உள்ளே பார்த்தால் வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி மூலைகள் தெரியும். லாரியின் முகப்பு விளக்கு எந்தக் கோணத்தில் வந்தாலும் அந்த வெளிச்சம் லாரி ஓட்டுநரின் பக்கமே திரும்புவதால்தான் அது அவருக்கு எரிவதுபோலத் தெரிகிறது.

நிலவில் இதை முதலில் வைத்தது 1969 ஜூலையில் அப்போலோ 11. ஒவ்வொன்றும் 3.8 சென்டிமீட்டர் விட்டமுள்ள 100 கண்ணாடிக் கட்டிகள், ஒரு தட்டில் பதித்தவை. அவற்றின் முதுகில் வெள்ளிப் பூச்சு கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பு இங்கே வேலைக்கு வருகிறது: அந்தக் கண்ணாடிக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 43 டிகிரி, அதைவிட அதிகக் கோணத்தில் உள்ளிருந்து முகத்தில் படும் ஒளி வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பும். நேராக உள்ளே வரும் ஒளி ஒவ்வொரு முகத்திலும் கிட்டத்தட்ட 55 டிகிரியில் படுகிறது. அதனால் பூச்சு இல்லாமலே முழுவதும் திரும்பிவிடும். ஆகஸ்ட் 1 அன்று கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்துக்கு முதல் பதில் வந்தது. அப்புறம் அப்போலோ 14 இன்னொன்றை வைத்தது. 1971-இல் அப்போலோ 15 அதைவிடப் பெரியதாக, 300 கட்டிகள் கொண்ட தட்டை வைத்தது. சோவியத்தின் ஆளில்லா லூனகோத் ரோவர்கள் இரண்டும் இத்தகைய கண்ணாடிகளை முதுகில் சுமந்து போயின.

(நிலவுக்கு மனிதன் போனதற்கு இந்தக் கண்ணாடிகளே ஆதாரம் என்று சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதத்தை நான் பயன்படுத்துவதில்லை. லூனகோத் கண்ணாடிகளை எந்த மனிதனும் போய் வைக்கவில்லையே. மனிதன் போனதற்கு அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ பாறையும் மண்ணும் வலுவான சான்று. சரியான முடிவுக்குத் தவறான காரணம் சொன்னால் எதிராளி அந்தக் காரணத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.)

சரி, வெளிச்சம் திரும்பி வந்தால் என்ன கிடைக்கும்? நேரம் கிடைக்கும். போய்வர சுமார் இரண்டரை விநாடி. அதை அளந்து ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். சூத்திரம் எட்டாம் வகுப்புக்காரருக்கும் தெரியும், வேலைதான் கடினம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட் வானாய்வகத்தில் 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியாக விநாடிக்கு 20 துடிப்புகள் அனுப்புகிறார்கள். ஒரு துடிப்பில் ஏறக்குறைய ஆயிரம் கோடி கோடி ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள். நிலவைத் தொடுவதற்குள் கற்றை சுமார் 2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதில் கண்ணாடித் தட்டின் மேல் படுவது மிகச் சிறு துளி. திரும்பும் வழியில் அதுவும் விரிந்து, பூமியில் பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. நல்ல இரவில், அனுப்பிய ஆயிரம் கோடி கோடியில் திரும்பக் கைக்குக் கிடைப்பது துடிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டான். ஒன்றே ஒன்று! அப்படி ஆயிரக்கணக்கில் சேர்த்து, 3,84,400 கிலோமீட்டரை மில்லிமீட்டர் அளவுக்குச் சொல்கிறார்கள்.

நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்பது இப்படித் தெரிந்ததுதான். அப்போலோ 11 வைத்த ஒரு கட்டியின் விட்டமும் அதே 3.8. நிலவின் ஆட்டத்தை நுணுக்கமாகப் பார்த்து, அதன் நடுவில் உருகிய கருவம் இருக்கிறது என்றும் கண்டார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அப்போலோ 15-இல் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கீழே விட்டுக் காட்டினார், இரண்டும் சேர்ந்து விழுந்தன. அதே பயணத்தில் வைத்த கண்ணாடியைக் கொண்டு அதே சோதனையைப் பூமியையும் நிலவையும் வைத்துச் செய்கிறார்கள். இரண்டும் சூரியனை நோக்கி ஒரே மாதிரி விழுகின்றனவா? சுமார் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை பார்த்துவிட்டார்கள், வித்தியாசம் தெரியவில்லை. ஐன்ஸ்டைன் சொன்னது நிற்கிறது.

ஆனால் அப்போலோ கண்ணாடிகளிடமிருந்து வர வேண்டிய வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் வந்துகொண்டிருந்தது. முழுநிலவு அன்று இன்னும் மோசம், அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஏன்? அப்பாச்சி பாயின்ட் லேசர் அளவீட்டை நடத்திய டாம் மர்ஃபியும் அவருடைய குழுவினரும் ஒரு காரணத்தை ஊகித்தார்கள். கட்டிகளின் முகத்தில் மெல்லிய தூசி படிந்திருக்கிறது. முழுநிலவின்போது சூரியன் நேராக அவற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது. கறுத்த தூசி சூடாகி, கண்ணாடியின் முன்பக்கம் ஒரு வெப்பநிலையும் பின்பக்கம் வேறொரு வெப்பநிலையுமாக ஆகிறது. அந்த வித்தியாசத்தில் ஒளி சிதறிப்போகிறது.

ஊகத்தைச் சோதிக்க என்ன வழி? முழுநிலவாகவும் இருக்க வேண்டும், சூரியனும் படக்கூடாது. சந்திர கிரகணம்! 2010 டிசம்பர் 21 கிரகணத்தின்போது தொடர்ந்து லேசர் அடித்துப் பார்த்தார்கள். பூமியின் நிழல் கண்ணாடிகளை மூடியதும் மங்கியிருந்த பதில் சுமார் பத்து மடங்கு எகிறியது. நிழல் விலகியதும் பழையபடி சரிந்தது. கிரகண நேரத்தில் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்பவர்களிடம் இந்தக் கதையைத் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த இரவு வெளியே இருந்தவர்களுக்குத்தான் விடை கிடைத்தது.

இந்த வகை ஆராய்ச்சிக்குப் பணம் வாங்குவது எப்போதும் சிரமம். ராக்கெட் புறப்படும் நாளில் தொலைக்காட்சி இருக்கும். நாற்பது ஆண்டு உட்கார்ந்து ஒரே தூரத்தை அளக்கிறவரை யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். அப்போலோ வீரர்கள் நிலவில் விட்டுவந்த நிலநடுக்கமானிகள் போன்ற மின்கருவிகளை 1977 செப்டம்பர் 30 அன்று செலவைக் குறைப்பதற்காக அணைத்துவிட்டார்கள். அதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. அன்று கண்ணாடிகள் தப்பித்தன. அவற்றை அணைக்க சுவிட்சே கிடையாது.

லூனகோத்-1 இன்னும் நல்ல உதாரணம். 1971 செப்டம்பரில் தொடர்பு அறுந்தது. அது நின்ற இடம் சரியாகத் தெரியாததால் அதன் கண்ணாடியை யாராலும் பயன்படுத்த முடியவில்லை. 2010-இல் எல்ஆர்ஓ எடுத்த படங்களில் ஒரு சிறு புள்ளியாக அது கண்ணில் பட்டது. ஏப்ரல் 22 அன்று அப்பாச்சி பாயின்ட்டில் லேசரை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டு மௌனத்துக்குப் பிறகு பளிச்சென்று பதில் வந்தது.

விக்ரமின் கண்ணாடிகள் இவற்றைவிட மிகச் சிறியவை, ஒவ்வொன்றும் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். பூமியிலிருந்து அடிக்கும் லேசருக்கு அவை போதாது. நிலவைச் சுற்றும் கலங்களுக்காகவே செய்தவை. ஒரு கலம் மேலே போகும்போது லேசர் அடித்தால், நான் இங்கே இருக்கிறேன் என்று இருட்டிலும் காட்டும். தென்துருவப் பக்கம் நிழல்கள் நீளமானவை, பள்ளங்கள் இருண்டவை, கேமராவை மட்டும் நம்பி இறங்குவது கடினம். இடம் துல்லியமாகத் தெரிந்த இத்தகைய புள்ளிகள் நாலைந்து இருந்தால், பின்னால் வரும் லேண்டர் அவற்றைக் கலங்கரை விளக்கங்களாக வைத்துக்கொள்ளலாம். ஜப்பானின் ஸ்லிம் லேண்டரிலும் இதே வகைக் கருவி உண்டு. 2024-இல் எல்ஆர்ஓவுக்கு அதுவும் பதில் சொன்னது.

பூமிக்குப் பதில் சொல்லும் வகையும் இப்போது மாறிவருகிறது. அப்போலோ 11 தட்டு ஏறக்குறைய அரை மீட்டர் அகலம். நிலவு ஆடும்போது தட்டும் சாயும். ஒரு ஓரத்துக் கட்டி மறு ஓரத்துக் கட்டியைவிடச் சில சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். திரும்பி வந்த ஃபோட்டான் எந்தக் கட்டியிலிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது. அந்தக் குழப்பம்தான் அளவைக் கலைக்கிறது. இதற்கு டக் கரியும் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுவினரும் கண்ட வழி, நூறு சிறு கட்டிகளுக்குப் பதிலாக 10 சென்டிமீட்டரில் ஒரே ஒரு பெரிய கட்டி. ஒன்றே ஒன்று என்றால் எதிலிருந்து வந்தது என்ற கேள்வியே எழாது. 2025 மார்ச் 2 அன்று ப்ளூ கோஸ்ட் என்ற அமெரிக்கத் தனியார் லேண்டர் அதை மேரே கிரைசியம் சமவெளியில் கொண்டுபோய் வைத்தது. பூமியிலிருந்து அனுப்பிய லேசரை அது திருப்பியும் அனுப்பிவிட்டது.

அதே லேண்டரில் இன்னொரு கருவியும் போயிருந்தது. மின்புலத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, கண்ணாடிப் பரப்பில் படிந்த நிலவுத் தூசியை உதறித் தள்ளும் சோதனை. நிலவின் தரையிலேயே அது வேலை செய்து காட்டியது. வருங்காலத்தில் இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பினால், தூசி படியாத மூலைக் கண்ணாடி ஒன்று நிலவில் கிடைக்கும். அப்போது முழுநிலவு இரவுகளிலும் தடையில்லாமல் அளக்கலாம்.